கிளினிக்குக்குப் போவதா வேண்டாமா: டர்பன் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்து பிள்ளைகளைக் கூட்டிப்போக வருகிறவர்கள் என்னிடம் கேட்பதில் பாதி தமிழைப் பற்றியதாக இருக்காது. "கிளினிக்கில் உண்மையிலேயே சும்மா பார்ப்பார்களா?", "எத்தனை மணிக்குப் போய் நிற்கணும்?" என்றுதான் கேட்பார்கள். காரணம், 11 வருடமாக என் அத்தையை (வீட்டுக்காரரின் அம்மா) சுகருக்கும் பிரஷருக்கும் இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் உள்ள அரசு கிளினிக்குக்குக் கூட்டிப்போகிறேன். நான் நர்ஸ் இல்லை, டாக்டரும் இல்லை. வரிசையில் நிறைய உட்கார்ந்தவள், அவ்வளவுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைக்கிறேன்.

உண்மையிலேயே காசு வாங்க மாட்டார்களா?

வாங்க மாட்டார்கள். பார்ப்பதற்கும் மருந்துக்கும் கட்டணம் இல்லை. 1994 ஜூன் மாதம் மண்டேலா அரசு முதலில் கர்ப்பிணிகளுக்கும் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் இலவசமாக்கியது. 1996-இல் கிளினிக் அளவிலான மருத்துவம் எல்லோருக்கும் இலவசமானது. பிறகு 2003-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டத்தில் அது எழுத்தாகவே வந்துவிட்டது. யாராவது உள்ளே காசு கேட்டால் அது சரியில்லை, எதற்கு என்று கேளுங்கள்.

இதெல்லாம் கிளினிக்குக்கு மட்டும். அங்கிருந்து ஆர்.கே. கான் மாதிரி அரசு மருத்துவமனைக்கு அனுப்பினால் வருமானத்தைப் பார்த்துக் கட்டணம் போடுவார்கள். அரசு முதியோர் உதவித்தொகை வாங்குகிறவர்களுக்கு அங்கேயும் இலவசம், ஆனால் அதற்கான அத்தாட்சியைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

நாங்கள் வேலைக்குப் போகிறவர்கள். இது ஏழைகளுக்கான இடம்தானே?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். சட்டம் சம்பளத்தைப் பார்ப்பதில்லை, மெடிக்கல் எய்டு (மாதாமாதம் காசு கட்டும் மருத்துவக் காப்பீடு) இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது. மெடிக்கல் எய்டில் உறுப்பினராக இருப்பவர்களும் அவர்கள் மேல் சேர்க்கப்பட்ட குடும்பத்தாரும் இந்த இலவசத்துக்குள் வரமாட்டார்கள். இல்லாதவர்கள் தாராளமாகப் போகலாம். தனியார் டாக்டரிடம் ஒரு தடவை காட்டும் காசில் ஒரு வாரத்துக்குக் காய்கறி வாங்கிவிடலாம் என்னும் நிலையில் வெட்கப்பட்டு யாருக்கு என்ன லாபம்?

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியும் உண்டு. உன்ஜானி என்று நர்ஸ்களே சொந்தமாக நடத்தும் சிறு கிளினிக்குகள் இருக்கின்றன. ஒரு குறைந்த தொகைக்குள் பார்த்து மருந்தும் கொடுப்பார்கள், வரிசை சின்னது. சளி, காய்ச்சல் மாதிரி சின்னச் சின்னதுக்கு அரைநாள் லீவு போட முடியாதவர்களுக்கு அது தோது.

எத்தனை மணிக்குப் போக வேண்டும்?

பெரும்பாலான கிளினிக்குகள் திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 7 மணிவாக்கில் திறந்து மாலை 4 மணியோடு முடிந்துவிடும். ஆனால் வாசலில் கூட்டம் விடிவதற்கு முன்பே சேர ஆரம்பித்துவிடும். நாங்கள் ஐந்தரைக்குப் போனால் முன்னால் இருபது பேர் இருப்பார்கள். 8 மணிக்குப் போனால் எண்ணுவதில் அர்த்தமில்லை.

கதவு திறந்ததும் பதிவு மேசை, அப்புறம் பெஞ்சு, பெஞ்சுக்கு அப்புறம் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒருவர் உள்ளே போனதும் வரிசை முழுவதும் எழுந்து ஒரு நாற்காலி தள்ளி உட்காரும். பையை எடு, குச்சியை எடு, எழு, உட்கார். அடுத்தவர் போனதும் மறுபடி. மூட்டுவலிக்காக வந்த கிழவிகள் டாக்டரைப் பார்ப்பதற்குள் நாற்பது தடவை எழுந்து உட்கார்ந்திருப்பார்கள். அத்தை இதற்கு வைத்திருக்கும் பெயர் 'சங்கீத நாற்காலி'. நிற்க முடியாதவர்கள், ரொம்ப வயதானவர்கள், கைக்குழந்தைக்காரர்கள் என்றால் முன்னால் விடச் சொல்லிக் கேட்கலாம். நிறைய இடங்களில் விடுவார்கள், ஆனால் நாம் வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

திங்கட்கிழமையைத் தவிருங்கள். நீண்ட விடுமுறைக்கு அடுத்த நாளை அதைவிடத் தவிருங்கள். மழை பெய்கிற நாள் நல்ல நாள்.

மூடியிருக்கும் நேரத்துக்கு 24 மணி நேரமும் திறந்திருக்கும் சமூக சுகாதார மையங்கள் உண்டு. டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதிக்காரர்களுக்கு அங்கேயே ஒன்று இருக்கிறது.

என்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும்?

அடையாள அட்டை அல்லது பாஸ்போர்ட், வீட்டு முகவரிக்கு ஏதாவது ஒரு பில், முன்பு போயிருந்தால் கிளினிக் அட்டை. வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் எல்லா மாத்திரையும், டப்பாவோடு. ஊரிலிருந்து கொண்டுவந்த நாட்டு மருந்து, சூரணம் இருந்தால் அதையும் காட்டுங்கள், திட்டமாட்டார்கள். அட்டை இல்லை என்பதற்காக நோயாளியைத் திருப்பி அனுப்பக் கூடாது, ஆனால் இருந்தால் பாதித் தகராறு மிச்சம்.

இன்னொன்று, சாப்பாடு. இது ஏன் என்று அடுத்த இரண்டு பதில்களில் தெரியும்.

உள்ளே போனால் நர்ஸ்தான் பார்ப்பாராமே? டாக்டர் இல்லையா?

ஆமாம். இங்கே கிளினிக் என்பது நர்ஸின் ராஜ்யம். எல்லோரும் 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள், நீங்களும் அப்படியே கூப்பிடுங்கள். அதற்கென்று தனியாகப் படித்த நர்ஸ்களே உங்களைச் சோதித்து, நோயைக் கண்டு, மருந்தும் எழுதிக் கொடுப்பார்கள். டாக்டர் குறிப்பிட்ட நாட்களில் வந்துபோவார். நர்ஸுக்கு மேல் தேவைப்படுபவர்களை அன்றைக்கு வரச்சொல்வார்கள், அல்லது மருத்துவமனைக்குச் சீட்டு எழுதுவார்கள்.

"ஊரில் எல்லாவற்றுக்கும் டாக்டர்தானே" என்று புதிதாக வந்தவர்கள் முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். நானும் சுளித்தவள்தான். அத்தையின் கால் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து, இடது சுண்டுவிரலுக்குக் கீழே இருந்த சின்ன வெடிப்பைக் கண்டுபிடித்தது ஒரு நர்ஸ்தான். அதற்கு முன் காசு கொடுத்துப் பார்த்த இரண்டு டாக்டர்கள் செருப்பைக் கழற்றச் சொல்லவே இல்லை.

நடைமுறை இப்படித்தான் போகும்: பதிவு, எடை, பிரஷர், விரலில் ஊசி குத்தி சுகர். பிறகு மூன்றாகப் பிரிப்பார்கள். திடீர் நோய் ஒரு பக்கம், நாள்பட்ட நோய் ஒரு பக்கம், தாயும் சேயும் ஒரு பக்கம். தப்பான பக்கத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தவர்கள் உண்டு, அதனால் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊரிலிருந்து வந்தவர்களுக்கு ஒரு குறிப்பு. இங்கே சுகர் எண் சின்னதாக இருக்கும். 7 என்றால் சந்தோஷப்பட வேண்டாம், அதை 18-ஆல் பெருக்கினால் 126, அதுதான் ஊர்க் கணக்கு. 15 என்றால் 270.

அங்கே தமிழ் பேசுகிறவர்கள் இருப்பார்களா? என் அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது.

பெரும்பாலும் இருக்க மாட்டார்கள். ஜூலுவும் ஆங்கிலமும்தான். பெயர்ப் பட்டையில் நாயுடு, கோவிந்தர், பிள்ளை என்று பார்த்ததும் ஆசையாகத் தமிழில் ஆரம்பிக்காதீர்கள். நாலைந்து தலைமுறையாக இங்கே இருப்பவர்கள், வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசுபவர்கள். பாவம், அவர்களுக்குத்தான் சங்கடமாகிவிடும்.

இந்தச் சங்கடம் புதிதல்ல. 1890-களில் டர்பனில் டாக்டர் பூத் என்பவர் பார்சி ருஸ்தம்ஜி என்ற இந்திய வணிகரின் பண உதவியோடு ஒரு சிறிய தர்ம மருத்துவமனை நடத்தினார். வந்தவர்களில் பலர் தமிழும் தெலுங்கும் பேசிய ஒப்பந்தக் கூலிகள். காந்தி காலையில் ஒன்றிரண்டு மணி நேரம் அங்கே போய், நோயாளிகளின் குறையைக் கேட்டு டாக்டரிடம் எடுத்துச் சொல்லி, மருந்தும் எடுத்துக் கொடுத்திருக்கிறார். அவர் வக்கீல், எனக்கு அந்தப் படிப்பு இல்லை. நான் மொழிபெயர்த்து மாட்டிக்கொண்ட கதை இது.

ஒரு நாள் வரிசையில் பத்து மணிவாக்கில் அத்தை "மயக்கமா வருது" என்றார். நான் சிஸ்டரிடம் மயங்கி விழுந்துவிட்டார் என்கிற அர்த்தம் வரும்படி ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், சக்கர நாற்காலி வந்தது, இதயத்துக்கு ஈசிஜி எடுக்க ஏற்பாடு நடந்தது. அத்தை நடுவில் உட்கார்ந்துகொண்டு "எனக்கு ஒண்ணும் இல்லைடி, தலை சுத்துதுன்னுதானே சொன்னேன்" என்கிறார். விரலில் குத்திப் பார்த்தால் சுகர் 3.4. விடிகாலை நாலரைக்கு வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்து, சாப்பிடாமலே அதுவரை உட்கார்ந்திருக்கிறார். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, பக்கத்து நாற்காலி ஜூலுப் பாட்டி தன் பையிலிருந்து ரொட்டித் துண்டு ஒன்றை நீட்டி, கால் மணி நேரத்தில் சரியானது. கிளிமெபிரைடு மாதிரி சுகர் மாத்திரை எடுப்பவர்களுக்கு, சாப்பிடாவிட்டால் சுகர் இப்படி இறங்கிவிடும். மாத்திரையும் சாப்பாடும் சேர்ந்தே போக வேண்டும். வெறும் வயிற்றோடு வரச்சொல்லியிருந்தால் இரண்டையும் பையில் வைத்துக்கொண்டு, ரத்தம் எடுத்த பிறகு சாப்பிடச் சொல்லுங்கள்.

அதிலிருந்து நான் செய்வது: முந்தின நாள் இரவே அத்தையிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்வேன். எங்கே, எத்தனை நாளாக, எப்போது அதிகம். தலை சுற்றலா, கண் இருட்டிக்கொண்டு வருகிறதா, நினைவு தப்பியதா என்று பிரித்துக் கேட்பேன். 'நெஞ்சு கரிக்குது', 'நெஞ்சு அடைக்குது', 'நெஞ்சு படபடங்குது' மூன்றும் மூன்று. 'வாய்வு' என்று நாமே தீர்ப்பு எழுதி மொழிபெயர்ப்பதுதான் ரொம்ப ஆபத்து. வலிக்கும் இடத்தைக் கையால் காட்டச் சொல்லுங்கள், பேச்சு அதற்குப் பிறகு.

ஜூலுவில் இரண்டு வார்த்தை போதும். உள்ளே நுழைந்ததும் வரிசையில் இருப்பவர்களுக்கு 'சானிபோனானி', முடிந்ததும் 'ஙியாபோங்கா'. வணக்கமும் நன்றியும். அத்தையை அங்கே எல்லோரும் 'கோகோ' என்கிறார்கள், பாட்டி என்று அர்த்தம். முதலில் கோபப்பட்டார், இப்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை.

சுகர், பிரஷர் மாத்திரைக்கு ஒவ்வொரு மாதமும் இப்படியே நிற்க வேண்டுமா?

வேண்டாம், இதுதான் நிறையப் பேருக்குத் தெரியாத விஷயம். நோய் கட்டுக்குள் இருக்கிறது என்று பதிவானால், மருந்தை முன்கூட்டியே கட்டிப் பொட்டலமாக்கி, உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடையிலோ வேறு இடத்திலோ வாங்கிக்கொள்ளும்படி அனுப்புவார்கள். 2014-இல் தொடங்கிய திட்டம், இப்போது 'டப்ளாப் மெட்ஸ்' என்று பெயர். போனுக்குக் குறுஞ்செய்தி வரும், அடையாள அட்டையைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம். மருந்துச்சீட்டு முடியும்போது மட்டும் கிளினிக்குக்குப் போய்ச் சோதித்துப் புதுப்பிக்க வேண்டும். அவர்களாகச் சொல்வார்கள் என்று காத்திருக்காதீர்கள். "சிஸ்டர், எங்களை வெளியில் மருந்து வாங்கும் பட்டியலில் போட முடியுமா?" என்று கேளுங்கள். நாங்கள் மூன்று வருடம் கேட்காமலே நின்றோம்.

போன் நம்பர் மாறினால் உடனே சொல்லிவிடுங்கள். செய்தி பழைய நம்பருக்குப் போய், பொட்டலம் திரும்பிவிடும்.

மருந்து தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டால்?

நடக்கும். ஒரு தடவை பிரஷர் மாத்திரை பாதிதான் கிடைத்தது. எந்த கிளினிக் என்று சொல்லப்போவதில்லை. மீதி எப்போது வரும் என்று கேட்டு, அட்டையிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதே வேலையைச் செய்யும் வேறு மாத்திரை இருக்கிறதா என்றும் கேட்கலாம். நாமாக ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டு நீட்டிக்கக் கூடாது.

புரட்டாசி விரதம் இருக்கலாமா? தீ மிதிக்கலாமா?

கவிச்சி விடுவதில் ஒரு பிரச்சினையும் இல்லை, சொல்லப்போனால் புரட்டாசி மாதம்தான் டர்பனில் பாதிப் பேருக்குக் கொழுப்பு இறங்குகிறது. சனிக்கிழமை முழுப்பட்டினி என்றால் முன்னதாகவே சிஸ்டரிடம் சொல்லி மாத்திரை நேரத்தை மாற்றிக் கேளுங்கள். அவருக்குப் புரட்டாசி தெரிந்திருக்கும், இந்த ஊரில் தெரியாமல் இருக்க முடியாது.

தீமிதி வேறு விஷயம். பல வருடமாகச் சுகர் இருப்பவர்களுக்குப் பாதம் மரத்துப்போயிருக்கும். சுட்டது தெரியாது. தெரியாததை அருள் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, மூன்றாம் நாள் செருப்பில் ஈரம் பார்த்து அலறியவர்களை எனக்குத் தெரியும். புண் ஆறாமல் விரல் போகும். அம்மனுக்குக் கூழ் ஊற்றுங்கள், பால்குடம் எடுங்கள், தீயை மட்டும் விட்டுவிடுங்கள் என்பேன். மிதித்தே ஆகவேண்டும் என்றால், போகும் முன் பாதத்தைச் சோதிக்கச் சொல்லிவிட்டுப் போங்கள்.

ஈஸ்டர் சமயம் இன்னொரு சிக்கல். பெரிய வெள்ளியன்று இசிப்பிங்கோ மாரியம்மன் கோவில் திறந்திருக்கும், கிளினிக் மூடியிருக்கும். நாலு நாள் விடுமுறை. மாத்திரையை முந்தின வாரமே எண்ணிப் பாருங்கள்.

ஊரில் பாதித் தடுப்பூசி போட்ட குழந்தை. மீதியை இங்கே போடலாமா?

போடலாம், இலவசம். ஊர் அட்டையைக் கொண்டுபோங்கள், இங்கே 'ரோட் டு ஹெல்த்' என்ற கையேட்டில் ஏற்றிக் கொடுப்பார்கள். அட்டவணை கொஞ்சம் வேறு. 6, 10, 14 வாரங்கள் இரண்டு நாட்டுக்கும் பொது. தட்டம்மை ஊசி ஊரில் 9 மாதத்தில் தொடங்கும், இங்கே 6 மாதத்திலும் 12 மாதத்திலும். அந்தக் கையேட்டைத் தொலைக்காதீர்கள், பள்ளியில் சேர்க்கும்போது கேட்பார்கள்.

கர்ப்பம் என்று தெரிந்தால்?

எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. மூன்று மாதம் முடியட்டும், கண்பட்டுவிடும் என்று தள்ளாதீர்கள், முதல் சோதனைகளுக்கு அந்த மூன்று மாதம்தான் முக்கியம். மொத்தம் 8 தடவை வரச்சொல்வார்கள். \*134\*550# என்று போனில் அழுத்தினால் மாம்கனெக்ட் என்ற கர்ப்பிணிகளுக்கான அரசுச் செய்திச் சேவையில் பதிந்து, வாரத்துக்கு ஏற்ற செய்திகள் வரும். தமிழில் வராது.

என் மகள் எனக்குத் தெரியாமல் கிளினிக்குக்குப் போக முடியுமா?

முடியும். 12 வயதானால், விஷயம் புரியும் பக்குவம் இருந்தால், சிகிச்சைக்குத் தானே சம்மதம் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. கருத்தடைக்கும் அதே வயதுதான். கோபித்துக்கொள்கிற தாய்மாரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: கிளினிக்குக்குப் போவது மேலா, எங்கும் போகாமல் இருப்பது மேலா?

அப்பா அம்மா மூன்று மாதம் பார்க்க வந்திருக்கிறார்கள். அவர்களைப் பார்ப்பார்களா?

அவசரமென்றால் யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது, அரசியல் சாசனத்தின் 27-ஆம் பிரிவே அப்படிச் சொல்கிறது. ஆனால் மருத்துவமனையில் சேர்த்தால், இந்த நாட்டில் குடியிருக்காதவர் என்று முழுக் கட்டணப் பில் பின்னால் வரலாம். பயணக் காப்பீடு இல்லாமல் வயதானவர்களை வரவழைக்காதீர்கள். மூன்று மாத மருந்தையும் சீட்டோடு ஊரிலிருந்தே கொண்டுவரச் சொல்லுங்கள்.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், 6 வயதுக்குட்பட்டவர்கள் விஷயத்தில் நாட்டவரா இல்லையா என்று பார்க்கக் கூடாது என்று 2023-இல் ஜோஹன்னஸ்பர்க் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இருந்தும் சில ஊர்களில் வாசலிலேயே நின்று வெளிநாட்டவரை மறிக்கும் கூட்டம் இருந்திருக்கிறது. அந்த மாதிரி நேரத்தில் வாக்குவாதம் வேண்டாம், வேறு நாள் போங்கள்.

பக்கத்தில் ஒருவர் இருமிக்கொண்டே இருக்கிறார். டிபி தொற்றிக்கொள்ளாதா?

பயம் நியாயமானது, இந்த நாட்டில் டிபி அதிகம். சன்னல் பக்கம் உட்காருங்கள், மூடியிருந்தால் திறங்கள், முகக்கவசம் போடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், ராத்திரி வியர்வை, எடை குறைவு என்றால் நீங்களே சளியைக் கொடுத்துச் சோதித்துக்கொள்ளுங்கள். சோதனையும் மருந்தும் இலவசம். நம்மவர்களுக்கு இது வராது என்ற நினைப்பை எங்கே பிடித்தோமோ தெரியவில்லை.

எதற்கெல்லாம் கிளினிக்குக்குப் போகக் கூடாது?

நெஞ்சு அடைப்பு, முகம் ஒரு பக்கம் கோணுவது, பேச்சுக் குழறுவது, மூச்சுத் திணறல், நிற்காத ரத்தம், வலிப்பு. இவற்றுக்கு வரிசை கிடையாது. 10177-க்கு அடியுங்கள், செல்போனிலிருந்து 112. ஆம்புலன்ஸ் தாமதமானால் கார் வைத்திருக்கும் அண்டை வீட்டுக்காரரை எழுப்புங்கள், வெட்கம் பார்க்க வேண்டாம்.

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் கிளம்பும் முன்பே வீட்டில் தொடங்குங்கள்: கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீர், தலைதட்டிய 8 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. கொஞ்சம் கொஞ்சமாக. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டொங்காட்டின் குடிநீர் நிலையம் உடைந்து மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வராமல் இருந்தபோது அங்கே இருந்த என் தோழி சமையலறைக் கதவில் இதை எழுதி ஒட்டியிருந்தாள். இன்னும் எடுக்கவில்லை.

சிஸ்டர் கத்துகிறார். என்ன செய்வது?

முதலில் அவர் காலையிலிருந்து எத்தனை பேரைப் பார்த்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். அப்படியும் தாங்கவில்லை என்றால் சுவரில் புகார்ப் பெட்டி இருக்கும், அல்லது பொறுப்பாளரைப் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். 25 வேலை நாட்களுக்குள் தீர்க்க வேண்டும் என்பது விதி. தேதி, நேரம், நடந்தது, இவ்வளவு மட்டும் எழுதுங்கள். நான் ஒரே ஒருமுறை எழுதினேன். 19-ஆம் நாள் போன் வந்தது, மன்னிப்புக் கேட்டார்கள். பாராட்டு எழுதவும் அதே பெட்டிதான். சுண்டுவிரல் வெடிப்பைக் கண்டுபிடித்த சிஸ்டருக்காக அத்தை சொல்லச் சொல்ல நான் எழுதிப் போட்டேன். அடுத்த தடவை போனபோது அந்தத் தாள் பதிவு மேசைக்குப் பின்னால் ஒட்டியிருந்தது.